ரேஷன் அரிசி தவறாமல் வருகிறது. எங்கே குடியிருக்க வேண்டும் என்று மட்டும் ஏன் எங்களைக் கேட்பதில்லை?

கூவக்கரைச் செல்வி | ஞாயிறு, காலை 7:40

வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசிக்கிறேன். இழை தொடங்குவது இதுதான் முதல் முறை.

நான் பிறந்து வளர்ந்தது சென்னையில் கூவம் ஆற்றின் கரையில், சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம் எங்கள் வரிசை வீடுகளை இடித்தார்கள். பாத்திரம், பீரோ, அம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றையும் ஒரு லாரியில் ஏற்றி, ஓ.எம்.ஆரிலிருந்து (பழைய மகாபலிபுரம் சாலை) உள்ளே தள்ளி இருக்கும் ஒரு குடியிருப்பில் ஆறாவது மாடியில் இறக்கினார்கள். வீடு நன்றாகத்தான் இருந்தது. கழிவறை வீட்டுக்குள்ளேயே இருந்தது, அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் அப்பாவுக்கு மீன் மார்க்கெட்டில் பெட்டி இறக்கும் வேலை. விடியற்காலை மூன்று மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தாள், நான்கும் ஒரே வாரத்தில் போயிற்று. நான் அத்தை வீட்டில் தங்கித் தேர்வு எழுதினேன். என் வகுப்பிலிருந்து இப்படிப் போனவர்கள் பதினோரு பேர். அதில் ஆறு பேர் பொதுத்தேர்வே எழுதவில்லை.

அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முகவரி மாற்றிக் கொடுத்ததும் புதிய கடையில் ரேஷன் அரிசி வந்துவிட்டது. தம்பிக்குப் பள்ளியில் சத்துணவும் முட்டையும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. இப்போது அம்மாவின் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை விழுகிறது. நான் பட்டப்படிப்பு முடித்து சோழிங்கநல்லூரில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். அரசு இல்லாமல் நான் இங்கே வந்திருக்க முடியாது.

என் கேள்வி இதுதான். தட்டில் என்ன விழ வேண்டும் என்பதில் இவ்வளவு அக்கறையாக இருக்கும் ஆட்சி, நாங்கள் எங்கே வாழ வேண்டும் என்பதில் ஏன் எங்கள் வாயைத் திறக்கவே விடவில்லை? எல்லாரையும் உள்ளடக்கிய வளர்ச்சி என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். அது எதைப் பொறுத்து நடக்கிறது, எதைப் பொறுத்து நின்றுபோகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார் | ஞாயிறு, காலை 9:15

செல்வி, நான் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். எழுதியதற்கு நன்றி.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். நிதி ஆயோக் கணக்குப்படி 2019-21ல் பல்பரிமாண வறுமையில் (கல்வி, உடல்நலம், வாழ்க்கை வசதி எல்லாம் சேர்த்து அளப்பது) இருந்தவர்கள் இந்தியா முழுவதும் 14.96 விழுக்காடு, தமிழ்நாட்டில் 2.2. உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22ல் நாட்டுக்கு 28.4, நமக்கு 47. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் முதல் வயதுக்குள் இறப்பவர்கள் 2020ல் நாட்டில் 28, இங்கே 13. இதெல்லாம் தானாக வரவில்லை.

இதன் காரணம் அரசியல் போட்டி என்பது என் கருத்து. 1967க்குப் பிறகு இங்கே இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே மக்களிடம்தான் ஓட்டுக் கேட்டாக வேண்டும். அதனால் ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் நிறுத்த முடியாது, மேலே ஒன்று சேர்க்கத்தான் முடியும். மதிய உணவையே எடுத்துக்கொள்ளுங்கள். காமராஜர் 1956ல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். எம்.ஜி.ஆர். 1982ல் அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். கலைஞர் 1989ல் முட்டை சேர்த்தார். ஜெயலலிதா காலத்தில் கலவை சாத வகைகள் வந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவு வந்தது. பள்ளியில் சோறு போடுவதை ரத்து செய்கிறேன் என்று சொல்லி இங்கே யாரும் தேர்தலில் நிற்க முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. இத்தனைக்கும் பணம் வேண்டும். 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் பக்கம் வந்த வேலைகள் இல்லாவிட்டால் இந்தத் திட்டங்களுக்கு வரி எங்கிருந்து வரும்? நகரம் வளர ஆற்றங்கரைகள் சீராக வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறும் கூவமும் என்ன செய்தன என்று பார்த்தோம். கரையில் மக்கள் இருப்பது அவர்களுக்கே ஆபத்து. நடத்திய விதம் தவறு, ஒப்புக்கொள்கிறேன். இடமாற்றமே தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கூவக்கரைச் செல்வி | ஞாயிறு, காலை 9:52

சார், வெள்ளத்துக்காக மாற்றினார்கள் என்றால், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியில் தாழ்வான நிலத்தில் ஏன் வீடு கட்டினார்கள்? ஒவ்வொரு பெருமழைக்கும் அங்கே தண்ணீர் நிற்கிறது. ஆற்றங்கரையில் எங்களை மட்டும்தான் எடுத்தார்கள், பெரிய கட்டடங்களை எடுக்கவில்லை. ஆபத்தைப் பற்றி எங்களிடம் பேசியிருந்தால் நாங்களே மழைக்கால ஏற்பாடு சொல்லியிருப்போம். தண்ணீர் எந்தப் படிக்கட்டு வரை வரும் என்பது என் பாட்டிக்குத் தெரியும்.

பழைய வண்ணை | ஞாயிறு, காலை 11:20

செல்வி அம்மா, நான் அரசுப் பொறியியல் வேலையில் 32 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். வாத்தியார் சொன்ன போட்டி அரசியல் உண்மைதான். ஆனால் அவர் கதையை 1956லிருந்து தொடங்கிவிட்டார். 36 வருடம் பின்னால் போக வேண்டும்.

1920ல் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கலாம் என்று. மன்றத்தின் தலைவர் பிட்டி தியாகராயர். பிள்ளைகள் பசியோடு வந்து பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பது அந்தப் பகுதியை அறிந்தவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. வெள்ளைக்கார அரசு செலவைக் காட்டிப் பிறகு அதை நிறுத்தியது வேறு கதை. இன்று இந்தியா முழுவதும் பள்ளியில் சோறு போடுகிறார்கள், 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றமே எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. அதன் விதை ஒரு நகர மன்றத்தில் விழுந்தது.

அந்த மன்றத்துக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1973ல் மஸ்டர் ரோல் ஊழல் வெளிவந்தது. வேலை செய்யாதவர்கள் பெயரில் கூலிப் பட்டியல் எழுதிப் பணம் எடுத்த விவகாரம். அதைக் காரணம் காட்டி மன்றத்தைக் கலைத்தார்கள். தப்பு செய்தவர்களைத் தண்டித்துவிட்டுத் தேர்தல் வைத்திருக்கலாம். அடுத்த தேர்தல் 1996ல்தான் நடந்தது! பிறகு 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் வழக்கில் சிக்கியது, 2022 பிப்ரவரி வரை தனி அலுவலர்கள்தான் ஆண்டார்கள். வர்தா புயல், 2019 குடிநீர்ப் பஞ்சம், கொரோனா மூன்றும் அந்த இடைவெளியில் வந்தவை. கூட்டிப் பாருங்கள். 1973லிருந்து 2022 வரை 49 ஆண்டுகளில் சுமார் 28 ஆண்டுகள் இந்த நகரத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

அரிசி கோட்டையில், அதாவது மாநில அரசில், முடிவாகிறது. கோட்டைக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் தேர்தல் வருகிறது, அதனால் அரிசியும் தவறாமல் வருகிறது. தெருவிளக்கு, கால்வாய், யாரை எங்கே குடியேற்றுவது, இதெல்லாம் தெருவோடு பேசி முடிவெடுக்க வேண்டியவை. அங்கே கேள்வி கேட்கும் இடத்தையே பூட்டி வைத்திருந்தோம். இது எந்தக் கட்சி ஆட்சி என்பதைத் தாண்டிய விஷயம். மாநிலத்தில் யார் இருந்தாலும், தனக்குக் கீழே இன்னொரு அதிகார மையம் வளர்வதை விரும்புவதில்லை.

வேலையில் இருந்தபோது எந்தத் தெருவுக்கு முதலில் விளக்கு என்பதை நானே முடிவு செய்த நாட்கள் உண்டு. நான் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் எனக்கு நேரில் வந்து மனு கொடுக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்குத்தான் முதலில் விளக்கு போனது என்று இப்போது நினைத்துப் பார்த்தால் புரிகிறது. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மருந்துக் கிடங்கு | ஞாயிறு, மதியம் 12:48

ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் தேர்தல் வைத்தே சரிசெய்ய முடியாது. நான் அரசு மருத்துவமனை மருந்தாளுநர். என் துறையிலிருந்து ஒன்று சொல்கிறேன்.

1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது, அடுத்த ஆண்டு ஜனவரியில் வேலையில் இறங்கியது. அதற்கு முன்பு மருந்து வாங்குவதில் இருந்த முறைகேடு ஊரறிந்தது. புதிய ஏற்பாட்டில் என்ன செய்தார்கள்? டெண்டரில் தொழில்நுட்பத் தகுதி ஒரு உறை, விலை இன்னொரு உறை. தகுதி இருந்தால்தான் விலை உறையைத் திறப்பார்கள். மருந்து நேராக மாவட்டக் கிடங்குக்கு வரும். வரும் மருந்தில் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, வெறும் குறியீட்டு எண்ணோடு பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். தேறினால்தான் எங்களுக்கு வரும், கம்பெனிக்குப் பணமும் போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். வருடத்துக்கு இவ்வளவு தொகை என்று அதில் இருக்கும். எது தேவையோ அதை எழுதி எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டின் அழகு என்னவென்றால், நல்லவர்கள் வந்து உட்கார வேண்டும் என்று அது காத்திருக்கவில்லை. ஆட்சி எத்தனை முறை மாறினாலும் பாஸ்புக் மாறவில்லை. ராஜஸ்தான் 2011ல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது இதே வழியில் ஒரு கழகம் அமைத்துக்கொண்டது. என் ஜன்னலில் நிற்கும் சர்க்கரை நோயாளி யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று நான் கேட்பதில்லை, மாத்திரை கொடுக்கிறேன். ரேஷனிலும் இதே கதைதான். 1997ல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று கார்டைப் பிரித்தபோது தமிழ்நாடு மட்டும் எல்லாருக்கும் என்றே வைத்துக்கொண்டது. பட்டியல் போட்டால் பட்டியலில் விடுபடுபவர் எப்போதும் ஏழைதான். வரிசையில் வாத்தியாரும் நின்றால் எடை சரியாக இருக்கும்.

கூவக்கரைச் செல்வி | ஞாயிறு, மதியம் 2:10

அண்ணா, பாஸ்புக் விஷயம் எனக்குப் புதிது. ஆனால் இதை யோசித்துப் பாருங்கள். மாத்திரை எல்லா ஊரிலும் ஒரே மாத்திரை. அரிசியும் அப்படித்தான். அதற்கு விதி எழுதிவிடலாம். எங்கள் அப்பாவுக்கு விடியற்காலை மூன்று மணிக்குள் மார்க்கெட் போய்ச் சேரப் பஸ் வேண்டும், பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குழந்தையை விட்டுப்போக அங்கன்வாடி மாலை ஆறு வரை வேண்டும், மூன்றாம் மாடிப் பாட்டிக்கு லிஃப்ட் ஓட வேண்டும். இது எங்களிடம் கேட்டால் மட்டுமே தெரியும். விதி புத்தகத்தில் எங்கே எழுதுவீர்கள்?

மருந்துக் கிடங்கு | ஞாயிறு, மதியம் 2:31

நீங்கள் சொல்வது சரி தங்கச்சி. இதை நான் யோசிக்கவில்லை.

மலையக வேர் | ஞாயிறு, மாலை 5:05

இந்த இழையை மூன்று முறை படித்துவிட்டேன். எங்கள் குடும்பக் கதை இதோடு ஒட்டியது.

தாத்தா இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொண்ட 1964 சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி ராமேஸ்வரம் வந்து கோத்தகிரிக்குப் போனார். நான் போரூரில் இருக்கிறேன்.

வளரும் நாடுகளில் மக்கள் நலத்துக்கு இலங்கையைத்தான் நீண்ட காலம் உதாரணம் காட்டினார்கள். 1931லேயே எல்லாருக்கும் வாக்குரிமை என்று வந்தது, ஆசியாவில் மிக முன்னதாக வந்தவற்றில் அதுவும் ஒன்று. ஓட்டு வந்ததும் ஊருக்கு ஊர் மக்கள் பள்ளிக்கூடம் கேட்டார்கள், ஆஸ்பத்திரி கேட்டார்கள். 1945ல் கல்வி அமைச்சர் கன்னங்கரா, பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி கொண்டுவந்தார். வருமானம் குறைந்த நாடாக இருந்தும் எழுத்தறிவும் ஆயுளும் உயர்ந்தன.

1947 தேர்தலில் மலையக மக்கள், அதாவது எங்கள் தோட்டத் தமிழர்கள், ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றம் அனுப்பினார்கள். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள், 1949ல் வாக்கும் போயிற்று. 1952ல் எங்கள் ஆட்கள் ஒருவர்கூட நாடாளுமன்றத்தில் இல்லை.

அதற்குப் பிறகு அதே இலவசக் கல்வி எங்கள் லயன் வீடுகளின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாசலில் நின்றுவிட்டது. தோட்டப் பள்ளியை அரசு ஏற்றுக்கொள்ள 1970கள் வரை ஆனது. ஒரே தீவு, ஒரே நல்ல திட்டம், மலைக்குக் கீழே ஒரு மாதிரி, மலைக்கு மேலே ஒரு மாதிரி. எஞ்சியிருந்தவர்களுக்கு முழுமையாகக் குடியுரிமை கிடைத்தது 2003ல். தாத்தா சொல்வார்: "எங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தவரை துரை தொப்பியைக் கழற்றிப் பேசினான்." துரை என்றால் தோட்ட மேலாளர். அந்த வாக்கியத்தை நான் மறந்ததில்லை.

செல்வி, இடம் மாற்றியபோது உங்கள் வாக்காளர் அட்டை என்ன ஆயிற்று?

கூவக்கரைச் செல்வி | ஞாயிறு, மாலை 6:30

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பழைய பட்டியலில் பெயரை நீக்கிவிட்டார்கள். புதிய இடத்தில் சேர்க்க இரண்டு வருடம் ஆயிற்று. நடுவில் ஒரு தேர்தல் போய்விட்டது, அம்மாவும் அப்பாவும் ஓட்டுப் போடவில்லை. இன்னொன்று, எங்கள் குடியிருப்பு மாநகராட்சி எல்லைக்குள் இல்லை. ஊராட்சி. நகரத்துக்கு நடுவில் பிறந்த நாங்கள் ஒரே நாளில் கிராமத்து ஆட்கள் ஆகிவிட்டோம். குப்பைக்கு ஒரு அலுவலகத்தில் கேட்டால் அடுத்த அலுவலகத்தைக் காட்டுவார்கள். அங்கே போனால் முதல் அலுவலகத்தைக் காட்டுவார்கள்.

பழைய வண்ணை | ஞாயிறு, மாலை 7:15

நீங்கள் சொன்னது பல குடும்பங்களுக்கு நடந்தது. பெரும்பாக்கத்துக்கு மக்களை மாற்றியபோது அதுவும் ஊராட்சியாகத்தான் இருந்தது.

பழைய வரலாற்றில் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஒருபக்கமாகப் பேசியதாகிவிடும். 1970ல் குடிசை மாற்று வாரியம் வந்தது, அடுத்த ஆண்டு அதற்கான சட்டம் வந்தது. அப்போது கொள்கை, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டுவது. 1977லிருந்து உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனை பிரித்துக் குடிநீர், சாலை போட்டுத் தவணையில் கொடுத்தார்கள். கவுன்சில் இல்லாத காலம்தான் அது. அப்படியிருந்தும் ஏன் மக்களை வெளியே தள்ளவில்லை? ஒவ்வொரு குடிசைப் பகுதியிலும் கட்சிக் கிளை உயிரோடு இருந்தது. வட்டச் செயலாளர் அந்தத் தெருவிலேயே குடியிருந்தார். இடித்தால் அவர் வீடும் இடியும். நிலத்தின் விலை ஏறி, 2000 வாக்கில் கண்ணகி நகர் எழுந்தபோது அந்தப் பிடி தளர்ந்துபோயிருந்தது. கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரம் வீடுகளுக்கு மேல்.

கணக்கு வாத்தியார் | ஞாயிறு, இரவு 9:02

நாள் முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் தரப்பை விடமாட்டேன், ஆனால் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்.

வளர்ச்சி வேண்டும் என்று நான் சொன்னதற்கு போட்ஸ்வானாவை உதாரணம் காட்டுவது என் வழக்கம். 1966ல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அடுத்த ஆண்டு ஓராபாவில் வைரம் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் பல நாடுகளை வைரமும் எண்ணெயும் உள்நாட்டுப் போரில் தள்ளின. இங்கே ஜனாதிபதி செரெட்சே காமா, கனிம உரிமை எந்த இனக்குழுவுக்கும் சொந்தமில்லை, நாட்டுக்குத்தான் என்று சட்டம் செய்தார். இத்தனைக்கும் வைரம் கிடைத்தது அவருடைய சொந்த இனக்குழுவின் நிலத்தில். பிறகு சுரங்கக் கம்பெனியில் அரசுக்குச் சரிபாதிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணம் சாலையாக, பள்ளியாக, மருத்துவமனையாக மாறியது. தேர்தலும் தவறாமல் நடந்துவருகிறது. நிர்வாகம் நேர்மையாக இருந்தால் வளர்ச்சி எல்லாரிடமும் போய்ச் சேரும் என்பதற்கு இதைத்தான் வகுப்பில் சொல்வேன்.

கன்னிமாரா வாசகி | ஞாயிறு, இரவு 9:40

சார், அந்தப் பாடத்தில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. மத்திய கலஹாரி வனக் காப்பகத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சான் மக்களை 1997லும் 2002லும் போட்ஸ்வானா அரசு வெளியேற்றி, புதிய குடியிருப்புகளுக்கு லாரிகளில் கொண்டுபோனது. பள்ளி, மருத்துவமனை எல்லாம் அங்கே இருக்கிறது, உங்கள் நன்மைக்குத்தான் என்று சொன்னார்கள். வேட்டையாடி, கிழங்கெடுத்து வாழ்ந்தவர்களுக்கு அங்கே வேலையில்லை. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2006ல் உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றம் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் கிணற்றைப் பயன்படுத்த விடவில்லை. 2011ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் போய்த்தான் தண்ணீர் உரிமை கிடைத்தது.

இவ்வளவு நல்ல பெயர் எடுத்த நாட்டிலும், எண்ணிக்கையில் சிறிய, அமைப்பாகத் திரளாத மக்களை அரசு செல்வியின் குடும்பத்தைப் போலவே லாரியில் ஏற்றியது. வைரப் பணத்தில் கட்டிய பள்ளி உண்மை. லாரியும் உண்மை.

கணக்கு வாத்தியார் | ஞாயிறு, இரவு 10:05

ஆமாம். அடுத்த முறை வகுப்பில் இதையும் சேர்த்தே சொல்வேன்.

உசிலம்பட்டிக்காரன் | திங்கள், காலை 6:50

கிண்டியில் வேலை. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது போல இழை போகிறது, ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், அப்புறம் விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். 1996ல் இந்த ஊராட்சித் தலைவர் பதவிகளைத் தலித் மக்களுக்கு ஒதுக்கினார்கள். பத்து வருடம் தேர்தலை நடக்கவிடவில்லை. மனு போட ஆள் இருக்காது, அல்லது ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்துவிடுவார், செய்யவைப்பார்கள். மேலவளவில் ஊராட்சித் தலைவரான முருகேசனை 1997ல் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். 2006ல்தான் அந்த ஊர்களில் தேர்தல் ஒழுங்காக நடந்து தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். அதற்கு மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது, மேலே இருந்த அரசு உறுதியாக நின்றது.

நாற்காலி போட்டுவிட்டால் போதாது. அதில் உட்காருபவருக்கு மேலே இருக்கும் அரசு பாதுகாப்பாக நிற்க வேண்டும். கோட்டையும் வேண்டும், ஊராட்சியும் வேண்டும். கேரளத்தில் 1996லிருந்து திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது மாநில அரசு எடுத்த முடிவுதான், கீழிருந்து தானாக வரவில்லை.

செல்வி அக்கா, நீங்கள் ஊராட்சி எல்லையில் இருக்கிறீர்கள் என்றால் உங்களுக்குக் கிராம சபை உண்டு. வருடத்துக்கு ஆறு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போயிருக்கிறீர்களா?

கூவக்கரைச் செல்வி | திங்கள், காலை 8:15

இல்லை தம்பி. அது அந்த ஊர்க்காரர்களுக்கு என்று நினைத்தோம். எங்களை யாரும் கூப்பிட்டதும் இல்லை. நாங்கள் கேட்டால் எழுதிக்கொள்வார்களா?

உசிலம்பட்டிக்காரன் | திங்கள், காலை 8:40

வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா? இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான். கூப்பிட வேண்டிய அவசியமில்லை.

எங்கள் ஊரில் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தனியாகப் போகாதீர்கள், ஒரு பிளாக்கிலிருந்து பத்துப் பேராவது போங்கள். பெண்கள் முன்னால் உட்காருங்கள். கோரிக்கையை வாயால் சொன்னால் காற்றில் போய்விடும். தாளில் எழுதிக் கொடுங்கள், அது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று நின்று பாருங்கள். கூட்டம் முடிவதற்கு முன்பே வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்குவார்கள், அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். தீர்மானம் எழுதி முடித்து, படித்துக் காட்டச் சொல்லி, அதற்குக் கீழே போடுங்கள். நகல் கேளுங்கள். கொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடலாம்.

ஒரே நாளில் இருபது விஷயம் கேட்காதீர்கள். ஒன்று இரண்டு போதும்.

பழைய வண்ணை | திங்கள், காலை 10:30

தம்பி சொன்னது அத்தனையும் அனுபவம். நான் ஒன்று சேர்க்கிறேன், அலுவலகத்தின் மறுபக்கத்திலிருந்து. "பஸ் வேண்டும்" என்று வந்த மனுவை நாங்கள் கோப்பில் வைப்போம். "விடியற்காலை இரண்டரை மணிக்கு இந்தக் குடியிருப்பிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் 140 பேர், போகும் இடம் இவை, இப்போது ஷேர் ஆட்டோவுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு செலவு" என்று வந்தால் அதை ஒதுக்க முடியாது. எண்ணை நான் சும்மா எழுதினேன், உங்கள் எண்ணை நீங்கள் எண்ணுங்கள். மூன்று நாள் விடியற்காலை வாசலில் நின்று எண்ணினால் போதும். நகரத்தில் இருப்பவர்களுக்கும் 2022லிருந்து வார்டு கமிட்டி, ஏரியா சபை விதிகள் வந்துவிட்டன. அங்கேயும் இதே முறைதான்.

கன்னிமாரா வாசகி | திங்கள், மதியம் 1:05

பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே என்ற நகரத்தில் 1989லிருந்து இப்படித்தான் செய்தார்கள். பகுதிப் பகுதியாகக் கூடி நகர பட்ஜெட்டில் எது முதலில் என்று மக்களே வரிசைப்படுத்தினார்கள். அங்கே குடிசைப் பகுதிகள் முதலில் கேட்டது குடிநீரும் கழிவுநீர்க் குழாயும்தான். பல வருடம் நன்றாக நடந்தது. பிறகு ஆட்சி மாறி, அக்கறை குறைந்து, 2017ல் நிறுத்திவைத்தார்கள். நம் சத்துணவு மாதிரி யாராலும் கைவைக்க முடியாத பழக்கமாக அது மாறவில்லை. அதனால் ஒரு கூட்டத்தோடு விட்டுவிடாதீர்கள் செல்வி, ஆறு கூட்டத்துக்கும் போங்கள்.

மனுவை நல்ல கையெழுத்தில் எழுத ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

கூவக்கரைச் செல்வி | வியாழன், காலை 5:20

இன்று மூன்றாவது நாள். செவ்வாய், புதன், இன்று. அப்பா, நான், எதிர்வீட்டு அக்கா மூவரும் கேட் பக்கத்தில் இரண்டு மணிக்கே வந்து நின்றோம். தம்பி நோட்டில் கோடு போட்டான்.

இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை சராசரியாக 86 பேர். மீன் மார்க்கெட், கோயம்பேடு, பூ கட்டுகிறவர்கள், துப்புரவு வேலைக்குப் போகும் பெண்கள் 31 பேர். இத்தனை பெண்கள் இருட்டில் நடந்து மெயின் ரோட்டுக்குப் போகிறார்கள் என்பது ஆறாவது மாடியில் தூங்கிக்கொண்டிருந்த எனக்கே தெரியாது. பெண்களுக்குப் பஸ் இலவசம்தான், ஆனால் அந்த நேரத்துக்குப் பஸ் இருந்தால்தானே. ஷேர் ஆட்டோவுக்குப் போக வர எழுபது ரூபாய்.

எண்ணுவதைப் பார்த்துவிட்டு முதல் நாள் சந்தேகமாகப் பார்த்தவர்கள், இன்று தாங்களே வந்து பெயர் சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா அங்கன்வாடி நேரத்தையும் சேர்க்கச் சொல்கிறார். தம்பி சொன்னபடி இரண்டே கோரிக்கை, பஸ்ஸும் அங்கன்வாடியும். அக்டோபர் 2 அன்று எங்கள் பிளாக்கிலிருந்து பதினெட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வாசகி அக்கா, இந்த ஞாயிறு வர முடியுமா? பத்து மணிக்கு மேல் வாருங்கள், அப்பா அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து திரும்புவார். வாக்காளர் பட்டியலில் இன்னும் பெயர் ஏறாத வீடுகள் எங்கள் மாடியிலேயே ஐந்து இருக்கின்றன. அந்தப் படிவத்தையும் சேர்த்து எடுத்து வந்தால் அன்றைக்கே நிரப்பிவிடலாம்.